எட்டா, இருபதா? கணிப்பொறி வாங்கும் குடும்பங்களுக்கு

கோடை விடுமுறை முடிந்து கல்லூரிகள் திறக்கும் காலம் நெருங்கினால் பல வீடுகளில் ஒரு வழக்கு எழுகின்றது. மகனுக்குக் கணிப்பொறி வேண்டும். தந்தை பணத்திற்கு வழி தேடுகிறார். தாய் எவ்வளவு ஆகும் என்று கேட்கிறாள். இந்த அளவில் வழக்கு எளிதுதான். ஆனால் மகனுடைய வாயிலிருந்து எண்களும் எழுத்துக்களும் கலந்த பெயர்கள் வரத் தொடங்கியதும் பெற்றோர் இருவரும் திகைத்து நிற்கின்றனர். 'செயலி' என்றும், 'புராசசர்' என்றும் அவன் கூறுவது கணிப்பொறியின் மூளை என்ற அளவில் அவர்களுக்கு விளங்குகிறது. ஒரு மூளை மற்றொரு மூளையைவிட எதனால் மேலானது என்பதுதான் விளங்குவதில்லை. கடைக்காரரைக் கேட்டால், விலை அதிகமானதே சிறந்தது என்பார்.

பொதுவாகப் பேசினால் யாருக்கும் பயன் இராது. ஆகவே இரண்டு செயலிகளை மட்டும் எடுத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பார்ப்போம். ஒன்று ஏ.எம்.டி. நிறுவனத்தின் 'ரைசன் 7 7800எக்ஸ்3டி'. மற்றொன்று இன்டெல் நிறுவனத்தின் 'கோர் ஐ7-14700கே'. முன்னது 2023 ஏப்ரலில் 449 டாலர் விலையிலும், பின்னது அதே ஆண்டு அக்டோபரில் 409 டாலர் விலையிலும் வெளிவந்தன. இவற்றிற்குப் பின்னர் புதியவையும் வந்துவிட்டன என்பதை நாம் அறிவோம். எனினும் ஏறத்தாழ ஒரே விலையில், முற்றிலும் வேறுபட்ட இரு எண்ணங்களோடு செய்யப்பட்டவை இவ்விரண்டும். ஆதலின் செயலி என்பதன் இயல்பைக் கற்றுக்கொள்ள இவற்றைவிட நல்ல பாடம் இல்லை.

இரு நிறுவனங்களும் ஏறக்குறைய ஒரே வயிற்றில் பிறந்தவை. கலிபோர்னியாவில் ஃபேர்சைல்டு என்ற நிறுவனத்தில் பணியாற்றியவர்களே வெளியேறி இவற்றைத் தொடங்கினர். ராபர்ட் நாய்ஸும் கார்டன் மூரும் 1968இல் இன்டெலையும், ஜெர்ரி சாண்டர்ஸும் தோழர்களும் 1969இல் ஏ.எம்.டி.யையும் நிறுவினர். இரண்டின் தலைமையகமும் சாந்தா கிளாரா என்ற ஒரே ஊரில் உள்ளது. அசிசி நகர்ப் புனித கிளாராவின் பெயரைத் தாங்கிய ஊர் அது. பங்காளிகளுக்கு இடையே உள்ள போட்டி எத்தகையது என்பதை நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

பெட்டியின் மீது அச்சிட்டிருப்பதை முதலில் படிப்போம். ஏ.எம்.டி. செயலியில் எட்டு கோர்கள் உள்ளன. 'கோர்' என்பது தனித்து நின்று கணக்கிடவல்ல ஓர் உறுப்பு. எட்டு வேலையாட்கள் என்று வைத்துக்கொள்ளலாம். இன்டெல் செயலியிலோ இருபது கோர்கள்: வலிமை மிக்கவை எட்டு, சிறியவை பன்னிரண்டு. வேகத்தின் உச்ச அளவு ஏ.எம்.டி.யில் 5.0 கிகாஹெர்ட்ஸ், இன்டெலில் 5.6 கிகாஹெர்ட்ஸ். ஆட்களும் அதிகம், வேகமும் அதிகம், விலையோ சற்றுக் குறைவு. பள்ளிச் சிறுவனைக் கேட்டாலும் இன்டெலே சிறந்தது என்று தீர்ப்புக் கூறிவிடுவான். ஆயினும் விளையாட்டுக்களை ஓட்டிப் பார்த்த ஆய்வாளர்கள் எல்லாரும், மொத்தத்தில் ஏ.எம்.டி.யின் எட்டுக் கோர்களே முந்துகின்றன என்று கண்டனர். இது எவ்வாறு?

இல்லத்தரசியர்க்கு இதனை எளிதில் விளக்கலாம். அடுப்பருகே அஞ்சறைப்பெட்டி இருக்கிறது. கடுகும் சீரகமும் கைக்கு எட்டும் தொலைவில் உள்ளன. அதில் இல்லாத பொருளுக்குச் சாமான் அறைக்குச் செல்ல வேண்டும். அங்கும் இல்லையெனில் கடைத்தெருவுக்கே போக வேண்டும். கணிப்பொறியில் கடைத்தெரு என்பது எஸ்.எஸ்.டி. போன்ற சேமிப்பகம், சாமான் அறை என்பது 'ராம்' எனப்படும் நினைவகம், செயலிக்கு உள்ளேயே இருக்கும் அஞ்சறைப்பெட்டிக்குக் 'கேஷ்' என்று பெயர். சமையற்காரரின் கை எத்துணை விரைவானதாக இருப்பினும், நிமிடத்திற்கு ஒரு முறை சாமான் அறைக்கு ஓடுபவர் பின்தங்கியே தீருவார்.

இன்டெல் செயலியின் மூன்றாம் நிலைக் கேஷ் 33 மெகாபைட். ஏ.எம்.டி. செயலியில் அது 96 மெகாபைட். வழக்கமான 32 மெகாபைட் கேஷின் மேல், டிபன் கேரியரில் அடுக்கின் மீது அடுக்கு வைப்பது போல, 64 மெகாபைட் கொண்ட மற்றொரு மெல்லிய சில்லை அவர்கள் ஏற்றி வைத்துவிட்டனர். பெயரின் இறுதியில் வரும் '3டி' என்பது இந்த மாடியைத்தான் குறிக்கிறது. தைவானின் டி.எஸ்.எம்.சி. ஆலையின் கைவண்ணம் இது. மாடி கட்டியதால் ஒரு குறையும் வந்தது. கீழேயுள்ள கோர்களின் வெப்பம் மேலே வெளியேறுவது கடினமாயிற்று. எனவேதான் வேகம் 5.0 கிகாஹெர்ட்ஸுடன் நிறுத்தப்பட்டது. வெப்பமும் 89 பாகையைத் தாண்ட விடுவதில்லை. 2024 நவம்பரில் வந்த 9800எக்ஸ்3டி என்ற அடுத்த செயலியில் இந்த மாடியை அடித்தளமாக்கிக் கீழே வைத்துவிட்டனர், வேகமும் 5.2 ஆக உயர்ந்தது.

சரி, பெரிய அஞ்சறைப்பெட்டி விளையாட்டுக்கு மட்டும் ஏன் இவ்வளவு உதவ வேண்டும்? திரையில் நகரும் காட்சி உண்மையில் அசையாப் படங்களின் தொடர். நொடிக்கு 60 படங்கள் வேண்டுமெனில் ஒவ்வொரு படத்திற்கும் கிடைக்கும் நேரம் ஒரு நொடியில் அறுபதில் ஒரு பங்கே. நொடிக்கு 144 படங்கள் வேண்டுமெனில் ஏழு மில்லிநொடிகூட இல்லை. அந்தச் சிறு பொழுதிற்குள், விளையாட்டு உலகிலுள்ள ஒவ்வொரு மனிதனும் வண்டியும் எங்கு நிற்கிறது, எப்பக்கம் நகரும், எதன்மீது மோதும் என்பதைச் செயலி கணக்கிட்டு முடிக்க வேண்டும். அடுத்து எந்தத் தகவல் தேவைப்படும் என்பது முன்கூட்டித் தெரியாது. விளையாடுபவனின் விரலைப் பொறுத்தது அது. ஒரு கணக்கின் விடை வந்த பிறகுதான் அடுத்ததைத் தொடங்க முடியும் என்பதால் இருபது ஆட்களைக் கூப்பிட்டாலும் பலர் கைகட்டி நிற்பர். உணவு விடுதியில் தோசைக் கல்லின் முன் நிற்பவரைப் பாருங்கள். அவருக்கு உதவியாளர் பன்னிரண்டு பேர் தேவையில்லை. மாவும் எண்ணெயும் அருகில் இருந்தால் போதும். மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் விமானம் ஓட்டும் விளையாட்டிலும், ஆலைகள் கட்டும் 'ஃபாக்டோரியோ'விலும் இந்தக் கேஷின் பயன் மிகத் தெளிவாகத் தெரிகிறது.

ஆயினும் இளைஞர்கள் ஒன்றை மறந்துவிடுகின்றனர். இந்த வெற்றி, விலை மிக உயர்ந்த கிராபிக்ஸ் கார்டைப் பூட்டிச் சோதித்தபோது கண்ட வெற்றி. படத்தை வரைவது கிராபிக்ஸ் கார்டின் வேலை. அது நடுத்தரமானதாக இருந்தால் செயலி எவ்வளவு விரைந்து கணக்கிட்டுக் கொடுத்தாலும் கார்டு வரைந்து முடிக்கும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். 4கே எனப்படும் மிகை நுணுக்கக் காட்சியில் கார்டின் சுமை பெருகுவதால், இரு செயலிகளுக்கும் இடையிலான வேறுபாடு பெரும்பாலும் மறைந்தே போகிறது. வீட்டிலுள்ள திரை நொடிக்கு 60 படங்களை மட்டுமே காட்டவல்லது என்றால், 150 படங்களைத் தரும் செயலிக்கும் 180 தரும் செயலிக்கும் கண்ணுக்கு வேறுபாடு ஏது?

இனி வேலைக்கு வருவோம். இங்கே தராசு மறுபக்கம் சாய்கிறது. திருமண விருந்துக்குக் காய் நறுக்குவதைப் போலப் பங்கிட்டுக் கொடுக்கக்கூடிய வேலைகள் கணிப்பொறியிலும் உண்டு. ஒளிப்படக் காட்சிகளைத் தொகுத்து இறுதி வடிவாக்குதல், முப்பரிமாண உருவங்களுக்கு ஒளி நிழல் சேர்த்தல், பெரிய நிரல்களைத் தொகுத்தல், கோப்புக்களைச் சுருக்குதல் ஆகியவை அத்தகையன. ஒரே நேரத்தில் 28 இழைகளாக வேலையைப் பிரித்துச் செய்ய இன்டெலால் முடியும், ஏ.எம்.டி.யால் 16தான் முடியும். எல்லாக் கோர்களையும் ஒருங்கே உழைக்க வைக்கும் 'சினிபெஞ்ச்' என்ற சோதனையில் இன்டெல் ஏறத்தாழ இரு மடங்கு மதிப்பெண் பெறுகிறது. அதனுடன் ஒளிப்படக் காட்சிகளை விரைந்து மாற்றுவதற்கென்றே 'குவிக் சிங்க்' என்ற தனி உறுப்பும் இன்டெல் செயலிக்குள் உண்டு. நம் ஊர்த் திருமண வீடியோக்காரர்கள் இதன் அருமையை நன்கு அறிவர். சற்றுக் குறைந்த விலையில் 'கேஎஃப்' என்று முடியும் செயலியை வாங்கிவிட்டால் அந்த உறுப்பு கிடைக்காது. ஓர் எழுத்தில் இவ்வளவு இருக்கிறது!

மடல் எழுதுதல், டேலியில் கணக்கு வைத்தல், இணையவழிப் பாடம் கேட்டல், ஊதியப் பட்டியல் தயாரித்தல் ஆகியவற்றுக்கு இவ்விரண்டில் எதுவும் தேவையில்லை. இதைத் தயக்கமின்றிக் கூறுகிறோம். ஆறு கோர்கள் கொண்ட 'ரைசன் 5 7600' 2023 சனவரியில் 229 டாலருக்கு வந்தது. குளிர்விக்கும் விசிறியும் அதனுடனே கிடைத்தது. நாம் மேலே கண்ட இரு செயலிகளுக்கும் விசிறியைத் தனியே வாங்க வேண்டும். அலுவலக வேலை மட்டுமே செய்யும் வீட்டில் மிச்சமாகும் பணத்தை நல்ல எஸ்.எஸ்.டி.க்கும், 16 கிகாபைட் நினைவகத்திற்கும், கண்ணை உறுத்தாத திரைக்கும் செலவிடுவதே அறிவுடைமை.

வெப்பத்தைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற வேண்டும். குளிர்நாட்டு ஆய்வாளர்கள் இதனைப் பெரிதாக எண்ணுவதில்லை. நமக்கோ மே மாதம் இருக்கிறது. முழுச் சுமையில் 14700கே 253 வாட் வரை மின்சாரம் இழுக்கும்படி அமைக்கப்பட்டது. 7800எக்ஸ்3டி அதே வகையான முழுச் சுமையிலும் 80, 90 வாட் அளவிலேயே நின்றுவிடுகிறது. விளையாடும்போது இரண்டிற்கும் இடையே ஏறத்தாழ 70, 80 வாட் வேறுபாடு உண்டு. நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் விளையாடினால் இரு மாதக் கணக்கில் பதின்மூன்று அல்லது பதினான்கு யூனிட் கூடும். மின்கட்டணத்தில் இது பேரிடி அன்று. ஆனால் அந்த மின்சாரம் முழுவதும் வெப்பமாகி அறைக்குள்ளேயே இறங்குகிறது. ஓட்டு வீட்டின் சிறு அறையில், ஒரு விசிறிக்கு அடியில், இது அற்பமன்று. மேலும் 600 வி.ஏ. என்று விற்கப்படும் சாதாரண யு.பி.எஸ். பொதுவாக 360 வாட் அளவே தாங்கும். செயலிக்கு 253, கிராபிக்ஸ் கார்டுக்கு 150, திரைக்கு 25 என்று கூட்டிப் பாருங்கள். மின்தடை ஏற்படும் அந்த நொடியில் யு.பி.எஸ்.ஸும் கைவிட்டுவிடும்; ஐந்து மணி நேரமாகத் தொகுத்த திருமணக் காட்சி பாதியில் நின்றுவிடும்.

எமக்குத் தெரிந்த ஒரு தச்சுத் தொழிலாளியின் வீட்டில் இந்த வழக்கு சென்ற ஆண்டு நேரில் எம்மிடம் வந்தது. மூத்த மகன் ஒரு ஸ்டுடியோவுக்காகத் திருமண வீடியோக்களைத் தொகுத்துக் கொடுக்கிறான். இளையவன் மேனிலைப் பள்ளி மாணவன். விளையாட்டில் ஆர்வம் மிக்கவன். இருவருக்கும் சேர்த்து ஒரே கணிப்பொறி. தந்தை சீட்டு எடுத்த பணம் எண்பதாயிரம் கையில் இருந்தது. அதே பணத்தில்தான் மகளின் செவிலியர் கல்லூரிக் கட்டணத்தையும் சூன் மாதத்திற்குள் செலுத்தியாக வேண்டும். 7800எக்ஸ்3டி வேண்டும் என்று இளையவனும், 14700கே வேண்டும் என்று மூத்தவனும் நாள்தோறும் வாதாடினர். "சாமி, இரண்டு பேர் சொல்வதும் நியாயமாகத்தான் படுகிறது. யார் பக்கம் பேசுவது என்றே விளங்கவில்லை" என்றார் தந்தை. மகளோ எதுவும் கேட்கவில்லை. கேட்காதவளின் பங்குதான் முதலில் கரையும் என்பது எமக்குத் தெரியும்.

நாம் இரண்டு பெயர்களையும் ஒதுக்கி வைத்துவிட்டு, இப்போதிருக்கும் பெட்டிக்குள் என்ன உள்ளது என்று கேட்டோம். நான்கு கோர்கள் கொண்ட இன்டெல் ஐ3-12100, டி.டி.ஆர்.4 வகை நினைவகம், ஓரளவு நல்ல தாய்ப்பலகை, நடுத்தரமான கிராபிக்ஸ் கார்டு, நொடிக்கு 60 படங்கள் காட்டும் திரை. வழக்கின் முடிவு அங்கேயே இருந்தது. ஏ.எம்.டி. செயலியை வாங்கினால் தாய்ப்பலகையையும் மாற்ற வேண்டும், அது டி.டி.ஆர்.5 நினைவகத்தை மட்டுமே ஏற்கும் என்பதால் நினைவகத்தையும் மாற்ற வேண்டும். 14700கே பழைய தாய்ப்பலகையிலேயே, பயாஸ் என்னும் அடிப்படை மென்பொருளைப் புதுப்பித்தால் அமர்ந்துவிடும். செயலியும் ஒரு நல்ல விசிறியும் போதும்.

இளையவன் விடவில்லை. "ஃபாதர், விளையாட்டுக்கு எக்ஸ்3டிதான் முதலிடம். எல்லாச் சோதனையிலும் அப்படித்தான் வருகிறது" என்றான். அவன் கூறியது முற்றிலும் உண்மை. உண்மை என்றே நாமும் ஒப்புக்கொண்டோம். விளையாட்டைக் குறித்துப் பிள்ளை பேசினாலே முகம் சுளிக்கும் பெரியவர்கள், தாம் கிரிக்கெட் பார்க்கும் மணிகளைக் கணக்கிடுவதில்லை. ஆனால் அந்தக் கார்டும் அந்தத் திரையும் இருக்கும்வரை எக்ஸ்3டியின் வேகம் அவன் கண்களை எட்டப் போவதில்லை. இதனை அவனுக்கு அவனுடைய கணிப்பொறியிலேயே காட்டச் சொன்னோம். விளையாட்டு ஓடும்போது கார்டு நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்கு உழைப்பதையும், செயலி ஓய்ந்திருப்பதையும் அண்ணன் திரையில் சுட்டிக் காட்டினான். சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்த தம்பி, "அப்போது அடுத்த வருஷம் கார்டை மாற்றித் தர வேண்டும், அண்ணா" என்றான். முகூர்த்த மாதங்களின் வருவாயிலிருந்து மாற்றித் தருவதாக அண்ணன் வாக்களித்தான். கட்டணம் குறித்த நாளில் செலுத்தப்பட்டது.

வேறொரு வீட்டில் தீர்ப்பு மாறியிருக்கும். பழைய கணிப்பொறி ஏதுமின்றிப் புதிதாகத் தொடங்குபவர், விளையாட்டையே முதன்மையாகக் கருதுபவர், விரைவான திரையும் உயர்ந்த கார்டும் வாங்கும் வசதி உள்ளவர், ஏ.எம்.டி. பக்கம் செல்வதே சரி. அந்தப் பொருத்துவாயில் இனி வரும் செயலிகளையும் பொருத்த முடியும். 2027க்கு அப்பாலும் ஆதரவு தொடரும் என்று அந்நிறுவனம் 2024இல் அறிவித்துள்ளது. இன்டெலோ 2024 அக்டோபரில் வந்த கோர் அல்ட்ரா வரிசைக்கு வேறு பொருத்துவாயை வைத்துவிட்டது. எனவே 14700கே வாங்குபவர் அந்தப் பாதையின் கடைசி நிலையத்தில் இறங்குகிறார் என்றே கொள்ள வேண்டும். மறுபுறம், 2025ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நினைவகச் சில்லுகளின் விலை கடுமையாக ஏறியதை எண்ணும்போது, கையிலிருக்கும் நினைவகத்தைக் காப்பாற்றிக்கொள்வதும் சிறு செல்வம் அன்று.

பழுதைப் பற்றிக் கூறாமல் விடுவது நேர்மையாகாது. 2023 ஏப்ரலில் 7800எக்ஸ்3டி செயலிகள் சில கருகிப் போயின. சில தாய்ப்பலகைகள் அளவுக்கு மீறிய மின்னழுத்தம் கொடுத்ததே காரணம் என்று கண்டு, அதனை 1.3 வோல்ட்டுக்குள் நிறுத்தும் பயாஸ் வெளியிடப்பட்டது. இன்டெலின் தொல்லை இதைவிடப் பெரிது. 13ஆம், 14ஆம் தலைமுறைச் செயலிகள் பல, காரணமின்றி நின்று போவதாக முறையீடுகள் பெருகின. செயலியே தேவைக்கு மேல் மின்னழுத்தம் கேட்டுப் பெற்றுக்கொண்டு நாளடைவில் தேய்ந்து போகிறது என்பதை 2024 சூலையில் இன்டெல் ஒப்புக்கொண்டது. ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் திருத்தங்கள் வந்தன. ஏற்கெனவே தேய்ந்த செயலியைத் திருத்தம் குணப்படுத்தாது என்பதையும் அந்நிறுவனமே கூறிவிட்டது.

ஆகவே வீட்டில் இவ்வகைச் செயலி இருப்பவர்கள் முதலில் பயாஸைப் பார்க்கட்டும். செப்டம்பர் 2024இல் வந்த 0எக்ஸ்12பி என்ற திருத்தமோ அதற்குப் பிந்தியதோ இருத்தல் வேண்டும். இல்லையெனில் தாய்ப்பலகை செய்தவரின் தளத்திலிருந்து புதிய பயாஸை ஏற்ற வேண்டும். அதே இடத்தில் மின் வரம்பை 253இலிருந்து 125 வாட்டாகக் குறைத்துவிட்டால், கடுமையான வேலையில் வேகத்தின் ஒரு பகுதி குறையும், வெப்பமோ பாதியாகும். அந்தத் தச்சுத் தொழிலாளியின் வீட்டில் அவ்வாறே செய்துள்ளனர். பெட்டியில் வந்த செயலிகளுக்கு உத்தரவாதத்தை இன்டெல் மேலும் ஈராண்டு நீட்டி ஐந்து ஆண்டுகளாக்கியுள்ளது. விளையாட்டோ தொகுப்போ ஓடும்போது கணிப்பொறி அடிக்கடி நின்று போனால், மென்பொருளின் மீது பழி போட்டுக் காலம் கடத்தாமல், வாங்கிய பில்லை எடுத்துக்கொண்டு அந்த ஐந்து ஆண்டுகளுக்குள் சென்று கேட்க வேண்டும்.